கோபேயில் ஒரு நாள்: மலையில் தொடங்கிக் கடலில் முடியுங்கள்

கேள்வி இதுதான்: ஒசாகாவில் நம்பா பக்கம் தங்கும் மூன்று பேர், கணவன், மனைவி, மாமியார். மனைவியும் மாமியாரும் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார்கள். கணவருக்குக் கோபே மாட்டிறைச்சியை அங்கேயே ஒரு தடவை ருசி பார்க்க ஆசை. மாமியாருக்கு முழங்கால் வலி. முத்து மாலை ஒன்று வாங்க வேண்டும். கோபேக்கு ஒரு நாள் போதுமா, எங்கே தொடங்குவது?

ஒரு நாள் போதும், ஆனால் திசையைச் சரியாகப் பிடிக்க வேண்டும். கோபே நீளவாட்டில் கிடக்கிற ஊர். வடக்கே ரொக்கோ மலை, தெற்கே கடல், நடுவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை, அவ்வளவுதான். ஊர்க்காரர்களே வடக்கு, தெற்கு என்று சொல்வதில்லை; ‘யாமாகாவா’, ‘ஊமிகாவா’, அதாவது மலைப் பக்கம், கடல் பக்கம் என்பார்கள். டைமாரு பல்பொருள் அங்காடிக்குள்ளேயே இப்படித்தான் வழிப்பலகை வைத்திருக்கிறார்கள். தரை ஏறினால் மலைப் பக்கம், இறங்கினால் கடல் பக்கம். இது மனதில் பதிந்துவிட்டால் வரைபடமே வேண்டாம்.

பலரும் செய்கிற தவறு, மைய நிலையமான சன்னோமியாவில் இறங்கி நேரே துறைமுகம் போய், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயிலில், வெளிநாட்டவரின் பழைய வீடுகள் இருக்கும் கிதானோ மேட்டில் மூச்சு வாங்க ஏறுவது. அதைத் தலைகீழாக்குங்கள். காலையில் வண்டியிலேயே மலைப் பக்கம் போய்விட்டு, பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, விளக்கேற்றும் நேரத்துக்குக் கடலோரம் வந்து சேருங்கள். முழங்கால் வலிக்காரருக்கு இறக்கமும் சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்றம் இறக்கம் இரண்டையும் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். செங்குத்தான ஓரிரு இடங்களுக்கு டாக்ஸி இருக்கிறது.

இரண்டாம் நாள் கைவசம் இருந்தால் மட்டும் ஊருக்கு வெளியே பார்க்கலாம். அரிமா வெந்நீர் ஊற்று மலைக்குப் பின்னால் இருக்கிறது. இரும்பும் உப்பும் கலந்து துருநிறத்தில் வரும் நீருக்குத் தங்க நீர் என்று பெயர், நிறமில்லாததற்கு வெள்ளி நீர். வெள்ளைத் துண்டு கொண்டுபோனால் அது காவித் துண்டாகத் திரும்பும். உடையில்லாமல்தான் குளிக்க வேண்டும், ஆண் பெண் தனித்தனி. அதில் கூச்சம் உள்ளவர்கள் அவ்வளவு தூரம் போவதில் பொருளில்லை. மேற்கே மைக்கோவில் அகாஷி தொங்குபாலம்: நீளம் 3,911 மீட்டர், நடுத்தாவல், அதாவது இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட தூரம், 1,991 மீட்டர். 1998-இல் திறந்தது முதல் 2022-இல் துருக்கியின் சனாக்கலே பாலம் வரும் வரை உலகிலேயே நீளமான தாவல் இதுதான். கட்டிக்கொண்டிருந்தபோதே கோபேயை உலுக்கிய 1995 நிலநடுக்கம் கோபுரங்களை நகர்த்தி, ஏறக்குறைய ஒரு மீட்டர் கூட்டிவிட்டது. பாலத்தின் அடியில் கண்ணாடித் தரை போட்ட நடைபாதை உண்டு. மது அருந்துகிறவர் இருந்தால் கிழக்கே நாடா வட்டாரம். சாக்கே என்ற அரிசி மது காய்ச்சும் பழைய ஆலைகளில் சில இலவச அருங்காட்சியகம் வைத்து, கடைசியில் ருசி பார்க்கவும் தருகின்றன. அங்கே ‘மியாமிசு’ என்ற ஊற்றுநீரில் தாது அதிகம், இரும்பு மிகக் குறைவு. இரும்பு சாக்கேயின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் என்பதால்தான் அந்த நீருக்கு அவ்வளவு மதிப்பு. இனி அந்த ஒரு நாளுக்கு வருவோம்.

முதலில் நிலையக் குழப்பம். ‘கோபே’ என்று பெயர் போட்ட ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிலையம் ஊரின் மையம் இல்லை. மையம் சன்னோமியா. ஜேஆரில் அது வெறும் ‘சன்னோமியா’. ஹான்க்யூ, ஹான்ஷின் ஆகிய தனியார் ரயில்களில் ‘கோபே சன்னோமியா’. எல்லாம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருக்கும். புல்லட் ரயில் நிற்பது ‘ஷின் கோபே’, அது மலையடிவாரத்தில் தனியாக இருக்கிறது. ஒசாகாவிலிருந்து கோபேக்குப் புல்லட் ரயிலில் போவது வீண் செலவு. ஷின் ஒசாகாவிலிருந்து 13 நிமிடம்தான், ஆனால் கட்டணம் சாதாரண ரயிலைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஜேஆர் பாஸ் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது சரி.

உமேடா பக்கம் தங்குகிறவர்கள் ஜேஆர் ‘ஷின்காய்சொகு’ விரைவு ரயில் ஏறினால் இருபது நிமிடச் சொச்சம். ஹான்க்யூவோ ஹான்ஷினோ ஏறினால் அரை மணி நேரம், கட்டணமும் குறைவு. நம்பாவில் தங்குகிறவர்கள் உமேடா வரை போய் மாறவே வேண்டாம். ‘ஒசாகா நம்பா’ நிலையத்திலிருந்து ஹான்ஷின் நம்பா பாதையில் ‘காய்சொகு க்யூகோ’ என்று போட்ட ரயில் நேரே கோபே சன்னோமியா வரும், முக்கால் மணிக்குள். நானூறு யென் சொச்சம் ஆகும், கூடுதல் கட்டணம் கிடையாது. முன்பணம் போட்டுவைக்கும் இக்கோகா பயண அட்டையை வாசலில் தொட்டுவிட்டு ஏறுங்கள்.

சன்னோமியாவில் பெரிய பையை லாக்கரில் போட்டுவிட்டு, சுரங்க ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம், இரண்டே நிமிடம், ஷின் கோபே. இங்கேதான் நாள் தொடங்குகிறது.

ஷின் கோபே நிலையத்துக்கு அடியிலேயே ஒரு வழி நுனோபிகி அருவிக்குப் போகிறது. நான்கு அருவிகளில் பெரியதான ஓன்தாக்கி 43 மீட்டர். புல்லட் ரயில் நிலையத்திலிருந்து கால்மணி நேர நடையில் இப்படி ஓர் அருவி வேறெங்கும் கிடைக்காது. ஆனால் முழுக்கப் படிக்கட்டு. மாமியார் வரக் கூடாது. மற்ற இருவரும் போய்வர முக்கால் மணி நேரம் ஒதுக்கலாம், அதற்குள் அவர் நிலையத்திலேயே காப்பி குடிக்கட்டும். எல்லாரும் சேர்ந்து போவதற்கு மூலிகைத் தோட்டத்து ரோப்வேதான் நல்லது. ஏறுமிடம் நிலையத்திலிருந்து சில நிமிட நடை, பத்து நிமிடத்தில் 400 மீட்டர் உயரம். தோட்ட நுழைவோடு சேர்த்துப் போகவர டிக்கெட் தலைக்கு ஏறத்தாழ 2,000 யென். உச்சியிலிருந்து பார்த்தால் மேலே சொன்ன பட்டை, துறைமுகம், செயற்கைத் தீவுகள், விமான நிலையம் எல்லாம் தெரியும். நாள் முழுக்க நடக்கப்போகிற பாதை மொத்தமும் காலடியில் கிடக்கும். நடக்க முடிந்தவர்கள் தோட்டத்துக்குள்ளேயே இறங்கி நடுநிலையத்தில் வண்டி பிடிக்கலாம். முடியாதவர்கள் உச்சியிலேயே திரும்ப ஏறிவிடலாம். பலத்த காற்றடித்தால் ரோப்வேயை நிறுத்திவிடுவார்கள், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிதானோ. 1868 ஜனவரி 1-ஆம் தேதி துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. கடலோரக் குடியிருப்பில் இடம் போதாமல் வெள்ளைக்கார வணிகர்கள் மேட்டில் வீடு கட்டிக்கொண்ட இடம்தான் கிதானோ. அந்த வீடுகளுக்கு ‘இஜின்கான்’ என்று பெயர். ஷின் கோபேயிலிருந்து நடந்தால் கால்மணி நேரம், ஆனால் இடையில் மேடு உண்டு. இங்கே டாக்ஸி எடுங்கள். அந்த வீடுகளில் ஒன்றான ‘கசாமிதோரி நோ யகாதா’ என்று சொன்னால் வாசல் பக்கம் விட்டுவிடுவார், ஐந்து நிமிடம். ஊரைச் சுற்றும் பச்சைநிற சிட்டி லூப் பேருந்தும் வரும். அது ஒரே திசையில் மட்டும் சுற்றுவது என்பதை மறந்து எதிர்ப்பக்கம் போக ஏறினால், ஊர் முழுக்கச் சுற்றித்தான் சேருவீர்கள்.

ஏழு வீடு, மூன்று வீடு என்று சேர்த்து விற்கும் டிக்கெட்டுகளை வாங்காதீர்கள். ஏழு வீட்டு டிக்கெட் மூவாயிரம் யென்னைத் தாண்டும், மூன்றாவது வீட்டிலேயே அலுத்துவிடும். பல வீடுகளில் உள்ளே இருப்பது வேறெங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த நாற்காலியும் பொம்மையும். கசாமிதோரி, மொயெகி ஆகிய இரண்டும் போதும். கூரை முனையில் சேவல் வடிவக் காற்றுக்காட்டி நிற்கும் கசாமிதோரி 1909 வாக்கில் காட்ஃபிரீட் தோமஸ் என்ற ஜெர்மானிய வணிகர் கட்டியது. இங்குள்ள வீடுகளில் செங்கல் முகப்பு கொண்டது அது ஒன்றுதான். எதிரே வெளிர்பச்சை நிறத்தில் இருப்பது மொயெகி, 1903-இல் அமெரிக்கக் கன்சல் ஜெனரலுக்காகக் கட்டிய மரவீடு. மொயெகியின் தோட்டத்தை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். 1995 நிலநடுக்கத்தில் கூரையிலிருந்து விழுந்த செங்கல் புகைபோக்கி ஒன்றை அப்படியே தரையில் கிடக்கவிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, கூரையில் மறுபடி கட்டி நிறுத்தியிருப்பதையும் அண்ணாந்து பாருங்கள்.

கிதானோவில் நம்மவர்கள் தவறவிடக் கூடாத இரண்டு கட்டடங்கள் இஜின்கான் பட்டியலில் வராது. ஒன்று, 1935-இல் கட்டிய கோபே மசூதி, ஜப்பானின் முதல் மசூதி. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் இந்திய வணிகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1945-இல் விமானக் குண்டுவீச்சில் சுற்றுப்புறமே எரிந்தபோதும் நின்றது, 1995-இலும் நின்றது. தொழுகை இல்லாத நேரத்தில் மற்றவர்களும் பார்க்கலாம். பெண்கள் தலையை மூடிக்கொள்ள ஒரு துப்பட்டா போதும். மற்றது 1985-இல் திறந்த மகாவீரர் ஜைனக் கோயில், இந்தியாவிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பளிங்கு. ஜப்பானியச் சந்தில் ஓட்டுவீடுகளுக்கு நடுவே திடீரென்று ஒரு குஜராத்திக் கோயில் நிற்பது கண்ணுக்கே விசித்திரமாக இருக்கும். தோல் பொருளோடு உள்ளே போகக் கூடாது.

இவை இங்கே ஏன்? துணி வணிகத்துக்கு வந்த சிந்திகளும் குஜராத்திகளும் முதலில் யோகோஹாமாவில்தான் அதிகம் இருந்தார்கள். 1923-இல் கான்தோ நிலநடுக்கம் யோகோஹாமாவைத் தரைமட்டமாக்கியதும் பலர் கோபேக்குப் பெயர்ந்தார்கள். அந்த ஒரு நிலநடுக்கத்தால்தான் உங்கள் சைவச் சாப்பாட்டுப் பிரச்சினை இங்கே பாதி தீர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிதானோவுக்கும் சன்னோமியாவுக்கும் நடுவில் இந்திய உணவகங்கள் ஏராளம், மதியச் சாப்பாடு ஆயிரம் யென்னிலிருந்து ஆயிரத்தைந்நூறுக்குள் முடியும்.

சைவம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது கறித்துண்டால் அல்ல, ‘தாஷி’யால். உலர்த்திச் சீவிய சூரை மீனைக் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு அது. மிசோ சூப், உதோன் நூடுல்ஸ், டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, இனாரி சோற்றின் டோஃபு உறை, காய்க்கூட்டு என்று எல்லாவற்றிலும் இருக்கும். ‘காய்கறி மட்டும்’ என்று கேட்டால் பணியாளர் மனதறிய ஆமாம் என்பார். அவர் கணக்கில் தாஷி மீன் இல்லை, சுவை. எனவே இப்படிச் சொல்லுங்கள்: ‘நிகு தோ சகானா வா தாபெராரெமசென். தாஷி மோ தமெ தெசு.’ கறியும் மீனும் சாப்பிட முடியாது, தாஷியும் கூடாது என்று பொருள். அப்போது பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டு ‘எங்களிடம் எதுவும் இல்லை’ என்பார்கள். அந்தப் பதில்தான் உண்மையான பதில், கோபப்படாதீர்கள்.

பேக்கரிகள் கோபேயின் பெருமை, முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு நல்ல வேட்டை. முதல் உலகப் போருக்குப் பின் வந்து சேர்ந்த ஜெர்மானியர்களும் ரஷ்யர்களும் போட்ட அடித்தளம் அது. ஃபிராய்ன்ட்லீப் என்ற பேக்கரி 1929-இல் கட்டிய பழைய தேவாலயத்துக்குள் நடக்கிறது, ஷின் கோபேயிலிருந்து இறங்கும் வழியில். யூஹைம் கடையின் ‘பாம்குஹென்’ அடுக்குக் கேக் ஊருக்குக் கொண்டுபோக ஏற்றது. ‘கரே பான்’, அதாவது குழம்பு வைத்த பன், என்று எழுதியிருந்தால் உள்ளே இறைச்சிதான். புட்டிங், மூஸ் வகைகளில் ஜெலட்டின் இருக்கும். சிவப்புப் பயறு வைத்த ‘அன்பான்’ கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

இப்போது கணவரின் ஆசைக்கு வருகிறேன். கோபே மாடு என்று தனி இனம் கிடையாது. ஹ்யோகோ மாகாணத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்குள்ள கூடத்திலேயே வெட்டப்பட்ட தஜிமா மாடு. அதிலும் தசைக்குள் கொழுப்பு ஊடுருவிய அளவு 12-க்கு 6 அல்லது மேல். இப்படித் தேறியதற்கு மட்டும்தான் அந்தப் பெயர். ஏ5 என்று பலகையில் போட்டிருப்பது தேசியத் தரம், அது ஜப்பானின் எந்த மாட்டுக்கும் கிடைக்கும். ஏ4-இலும் அசல் கோபே உண்டு. எனவே ‘ஏ5 வாக்யூ’ (வாக்யூ என்றால் ஜப்பானிய மாடு) என்ற பலகை கோபேக்குச் சான்று அல்ல. ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க அடையாள எண் இருக்கிறது. அசல் விற்கும் கடையில் அன்றைய இறைச்சியின் எண்ணோடு சான்றிதழ் மாட்டியிருப்பார்கள், விநியோகச் சங்கத்தின் உறுப்பினர் என்பதற்கு வெண்கல நிற மாட்டுச் சிலையும் வைத்திருப்பார்கள். கேட்டால் காட்டுவார்கள், முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள்.

மதியம் சாப்பிடுங்கள், இரவு வேண்டாம். அதே அடுப்பு, அதே சமையல்காரர், மதிய விலை பெரும்பாலும் பாதி. அசல் கோபே நூறு, நூற்றைம்பது கிராம் மதியச் செட் 5,000 யென்னிலிருந்து 10,000 வரை போகும். இரவில் 15,000-க்குக் குறைந்து எதிர்பார்க்காதீர்கள். ஒரே கடையில் ‘ஸ்டேக் லஞ்ச்’ என்று மலிவாக ஒன்றும் ‘கோபே பீஃப் லஞ்ச்’ என்று மூன்று மடங்கு விலையில் ஒன்றும் இருக்கும். முதலாவது வேறு மாடு. ஏமாற்று என்று சொல்ல முடியாது, எழுதித்தான் இருக்கிறது. படிக்காமல் வரிசையில் நிற்பவர்கள்தான் அதிகம். நூறு கிராமுக்கு மேல் கேட்காதீர்கள், கொழுப்பு திகட்டிவிடும். சர்லாயினைவிட ‘அகாமி’ என்கிற சிவப்புத் தசை முதல்முறைக்கு ஏற்றது. கோபேத் தரத்தைத் தொடாத அதே இன மாட்டிறைச்சியைத் தஜிமா என்ற பெயரில் குறைந்த விலைக்குத் தருகிற கடைகளும் உண்டு, அதில் குறையொன்றும் இல்லை.

சைவக்காரர்களை அந்தக் கடைக்குள் கூட்டிப்போய்க் காய்கறி வாங்கிக் கொடுக்காதீர்கள். காரணம் அடுப்பருகே நின்றால் தெரியும். நம் வீட்டில் தோசைக்கல்லை வெங்காயத்தால் தேய்ப்போமே, அதுபோல சமையல்காரர் முதலில் கட்டியான மாட்டுக்கொழுப்பைக் கல்லில் போட்டுக் கரண்டியால் அழுத்தி வட்டமாகத் தேய்ப்பார். பூண்டுச் சீவல் அதில்தான் பொன்னிறமாகிறது; பூசணித் துண்டும் முளைகட்டிய பயறும் அந்தக் கொழுப்பிலேயே புரள்கின்றன. ஆகவே அந்த ஒரு மணி நேரம் பிரிந்து சாப்பிடுவதே நல்லது. கணவர் பதினொன்றரைக்கே போய் உட்கார்ந்துவிடட்டும், மற்ற இருவரும் பக்கத்து இந்திய உணவகத்தில். அசல் இறைச்சியைப் பொட்டலம் கட்டி ஊருக்கு எடுத்துவரும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள், இந்தியச் சுங்கத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

சாப்பிட்டபின் சன்னோமியாவிலிருந்து மேற்கே நடை, முழுக்கச் சமதளம். இக்குதா கோயில் வழியில் வரும். அந்தக் கோயிலுக்குப் பணிவிடை செய்த 44 குடும்பங்களுக்குக் ‘கான்பே’ என்று பெயர், அதுதான் தேய்ந்து கோபே ஆனது. பத்து நிமிடம் போதும். பிறகு சென்டர்காய் கடைத்தெரு, அதைத் தாண்டினால் டைமாரு, அங்கிருந்து மோதோமாச்சி. கூரை போட்ட மோதோமாச்சித் தெரு 1.2 கிலோமீட்டர். மழையோ வெயிலோ மாமியாருக்குக் கவலையில்லை. முதல் மூன்று பகுதியைப் பார்த்தால் போதும், அதற்கப்பால் கடைகள் மெலிந்துவிடும்.

டைமாருவுக்குத் தெற்கே பழைய வெளிநாட்டுக் குடியிருப்பு. ஹார்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 126 மனைகளாக அளந்து போட்ட இடம். மனை எண்களே இன்றும் கட்டடத்தின் பெயர்கள். 15-ஆம் எண் கட்டடம் 1995-இல் முற்றாக இடிந்தது. எடுத்துவைத்த பழைய மரத்துண்டுகளை முடிந்த மட்டும் பயன்படுத்தி, அடியில் அதிர்ச்சி தாங்கும் அமைப்போடு 1998-இல் மறுபடி எழுப்பினார்கள்.

முத்துக்கு கோபேதான் சரியான ஊர். ஜப்பானில் விளையும் அக்கோயா முத்து தரம்பிரிந்து, துளையிட்டு, ஏற்றுமதியாவது பெரும்பாலும் இங்கிருந்துதான். வடக்கே மலை இருப்பதால் அங்கிருந்து பட்டுத் திரும்பும் வெளிச்சம் மென்மையாக இருக்கும், தரம்பிரிக்க அதுவே தோது என்பது இத்தொழிலில் வழிவழியாகச் சொல்லும் காரணம். வாங்கும்போது நீங்களும் அதே வேலையைச் செய்யுங்கள். கடை விளக்கு எந்த முத்தையும் மினுக்கும், ஆகவே சன்னலோரம் கொண்டுபோய் வெள்ளைத் துணிமேல் வையுங்கள். முத்தின் மேல் உங்கள் தலையின் நிழலுருவம் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் பளபளப்பு, அதாவது ‘தெரி’, நல்லது. மங்கலாகப் பால்போலத் தெரிந்தால் மேல்பூச்சு, அதாவது சிப்பி சுற்றிப் படியவைத்த பளபளப்பு உறை, மெலிசு, சில வருடத்தில் தேய்ந்து உரியும். மாலையை மேசைமேல் உருட்டுங்கள். கோணலான முத்து தள்ளாடும். துளையின் ஓரத்தைப் பாருங்கள், அங்கேதான் பூச்சு உதிரத் தொடங்கும். ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சு போட்டுத் தரச் சொல்லுங்கள். நூல் அறுந்தாலும் ஒன்றுதான் விழும்.

மூன்று ஏ, நான்கு ஏ என்று கடைக்காரர் சொல்லும் தரத்துக்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது, கடைக்குக் கடை மாறும். ‘ஹனதாமா’ என்ற தரத்துக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் வரும், அதில் பூச்சின் தடிமன் மில்லிமீட்டரில் இருக்கும். விலை கொடுப்பதானால் அதற்குக் கொடுங்கள். சில ஆண்டுகளாக அக்கோயா விலை ஏறிக்கொண்டே போகிறது. நல்ல முழு மாலைக்கு ஒரு லட்சம் யென்னுக்குக் குறைந்து கணக்குப் போடாதீர்கள். கையிருப்பு குறைவென்றால் மட்டமான மாலையைவிட நல்ல முத்து இரண்டு வைத்த தோடு மேல். மிக மலிவாக ‘பேர்ல்’ என்று கிடைப்பது நன்னீர் முத்தாக இருக்கும், எது என்று கேட்டே வாங்குங்கள்.

வரி 10 சதவீதம், எடுத்துச்செல்லும் உணவுக்கு 8. ஒரே கடையில் ஒரே நாளில் 5,000 யென்னுக்கு மேல் வாங்கினால் கடவுச்சீட்டைக் காட்டி வரி நீங்கலாகப் பெறலாம். நகல் செல்லாது, அசல் வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: வரியோடு பணத்தைக் கட்டிவிட்டு, கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் பொருளைக் காட்டினால் வரி திரும்ப வரும். முத்துமாலையைப் பெரிய பெட்டிக்குள் வைத்து முதலில் செக்-இன் செய்துவிட்டால் காட்ட முடியாது, கைப்பையில் வையுங்கள்.

சீனத்தெருவான நான்கின்மாச்சி, மோதோமாச்சிக்கு ஒட்டினாற்போல் தெற்கே இருக்கிறது. 200 மீட்டர்தான், பெயருக்குத் தக்க பெரிய இடம் அல்ல. 1915-இல் தொடங்கிய ரோஷோகியின் பன்றிக்கறி பன்னுக்குத்தான் அந்த வரிசை, திங்கள்கிழமை மூடியிருக்கும். சைவக்காரர்களுக்கு எள்ளுருண்டை உண்டு, ஆனால் எந்த எண்ணெயில் பொரித்தது என்று கேட்க வேண்டும். அங்கே கம்பியில் குத்தி விற்கும் ‘கோபே பீஃப்’ துண்டுகளில் எண்ணும் சான்றும் பார்க்க முடிந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் தாண்டிப் போங்கள்.

நாலரை, ஐந்து மணி வாக்கில் கடலோரம் வந்துவிடுவீர்கள். மெரிக்கன் பூங்கா. ‘அமெரிக்கன்’ என்பது ஜப்பானியக் காதில் விழுந்த விதம் அது, கோதுமை மாவுக்குக்கூட ‘மெரிக்கன் மாவு’ என்றுதான் பெயர். பூங்காவின் ஓரத்தில் படமெடுக்கக் கூட்டம் கூடும் ‘பீ கோபே’ வெள்ளை எழுத்துகள் இருக்கும். கூட்டம் போகாத இன்னொரு மூலைக்கு வாருங்கள். 1995 ஜனவரி 17, காலை 5:46-க்கு உடைந்த துறைமேடையில் 60 மீட்டர் நீளத்தை எதுவும் செய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கற்பாளங்கள் சரிந்து கடலுக்குள் கிடக்கின்றன, விளக்குக் கம்பங்கள் குடித்தவர்போல் சாய்ந்து நிற்கின்றன, அலை வந்து விரிசலுக்குள் ஏறி இறங்குகிறது. மொத்தம் 6,434 பேர் இறந்த நிலநடுக்கம். காலையில் மொயெகி தோட்டத்தில் பார்த்த புகைபோக்கியின் மறுபாதி இது. கட்டணமில்லை, எந்நேரமும் திறந்திருக்கும்.

பக்கத்திலேயே போர்ட் டவர், 1963-இல் கட்டிய 108 மீட்டர் செந்நிறக் கோபுரம். நடுவில் இடை சிறுத்த உடுக்கை வடிவம். புதுப்பித்து 2024 ஏப்ரலில் திறந்தார்கள், இப்போது உச்சியில் திறந்தவெளித் தளமும் உண்டு. ஆயிரம் யென், மேல்தளத்தோடு இன்னும் சற்றுக் கூடுதல். காலையில் ரோப்வே ஏறியவர்கள் இதை விட்டுவிடலாம். கோபுரத்தின் அழகு எதிர்க்கரையில் நின்று பார்ப்பதில்தான் இருக்கிறது. அதற்கு நீரோரமாக கால்மணி நேரம் நடந்து ஹார்பர்லேண்டின் மொசைக் கட்டடத்துக்குப் போங்கள். இரண்டாம் மாடிக் கடலோர மரத்தளத்தில் உட்கார்ந்தால் சிவப்புக் கோபுரமும் வெள்ளைப் பாய்போன்ற கடல்சார் அருங்காட்சியகக் கூரையும் விளக்கோடு நீரில் விழும். பொழுது சாய்ந்து அரை மணி நேரம் வரை வானத்தில் நீலம் மிச்சமிருக்கும், படமெடுக்க அதுதான் நேரம். குளிர்காலத்தில் ரொக்கோ மலையிலிருந்து இறங்கும் காற்று சுள்ளென்று அடிக்கும், ஒரு சட்டை கூடுதலாக இருக்கட்டும். மாயா மலையிலிருந்து பார்க்கும் இரவுக்காட்சி இதைவிடப் பேர்பெற்றது, ஆனால் செவ்வாய்க்கிழமை கேபிள் வண்டி ஓடாது, மற்ற நாளிலும் கடைசி வண்டி எப்போது என்பது பருவத்துக்கும் கிழமைக்கும் ஏற்ப மாறும். ஒரே நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள்.

திரும்புவதற்குச் சன்னோமியா வரை நடக்க வேண்டாம். மொசைக்கிலிருந்து பத்து நிமிடத்தில் ஜேஆர் கோபே நிலையம் வந்துவிடும். காலையில் இறங்கக் கூடாது என்று சொன்ன அதே நிலையம்தான், இரவில் அதுதான் பக்கம். ஷின்காய்சொகு ரயில் அங்கேயும் நிற்கும், அரை மணி நேரத்துக்குள் ஒசாகா நிலையம். அங்கிருந்து மிதோசுஜி சுரங்க ரயிலில் நம்பா. லாக்கரில் பை வைத்திருந்தால் மட்டும் சன்னோமியாவில் இறங்கி எடுத்துக்கொண்டு, வந்த ஹான்ஷின் ரயிலிலேயே போய்விடுங்கள்.